ஜலஜா ஆன்ட்டியின் மூக்கு

கிளாஸை மேஜையிலிருந்து தூக்காமல், அதன் அடியை இரண்டு விரலால் அழுத்தி மூன்று சுற்று சுற்றுகிறார் ஜலஜா ஆன்ட்டி. பிறகு தூக்கி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொள்கிறார். உதடு மட்டும் அசைகிறது. இருபது வரை எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் கிளாஸிலிருந்த சிவப்பு ஒயினை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் பக்கத்து வாளியில் கொட்டிவிடுகிறார். சிந்தியதைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து அதில் ஒரு கோடு போடுகிறார். கோடு என்றால் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம்.

"நெக்ஸ்ட் ஒன், லூப்பே."

கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் லூப்பே அடுத்த பாட்டிலைத் திறக்கிறாள். ஆன்ட்டிக்கு வயது அறுபத்து மூன்று. காட்டன் சல்வார், அதன் மேல் சாலைப் பணியாளர்கள் போடுகிற பளீர் பச்சை மேல்சட்டை, காலில் ஸ்னீக்கர்ஸ், மூக்கின் இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி. ஹெல்மெட் கவுண்டரின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வெளியே அவருடைய எலெக்ட்ரிக் பைக், மிதித்தால் மோட்டாரும் கூடத் தள்ளும் சைக்கிள், திராட்சைத் தோட்டத்து வேலியில் சாய்ந்து நிற்கிறது. ஸ்பானிஷ் பேசும் லூப்பேயின் நாக்கில் ஜலஜா என்கிற பெயர் ஹலாஹா என்று வரும். ஆன்ட்டி ஒரு நாளும் அதைத் திருத்தியதில்லை.

கலிஃபோர்னியாவில் இருக்கும் எங்கள் பிளசன்டனில் இந்தக் காட்சியை முதலில் பார்த்தவர் யார் என்று தெரியாது. செய்தி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது நவம்பரில், என் மனைவி வள்ளியின் வழியாக. "கேட்டீங்களா, அந்த ஜலஜா ஆன்ட்டி சனிக்கிழமையானா லிவர்மோர்ல ஒயினரிக்குப் போறாங்களாமா. அதுவும் சைக்கிள்ல. ஒண்ணு ரெண்டில்ல, மூணு எடம்." நான் உடுமலைப்பேட்டைக்காரன். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று இருக்கிற பக்குவம் இருபது வருட அமெரிக்க வாசத்திலும் எனக்கு வரவில்லை. அடுத்த சனிக்கிழமையே வாடகைக்கு ஓர் எலெக்ட்ரிக் பைக் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேவு பார்க்கத்தான் போனேன்.

இரண்டாவது ஒயினரியில் பிடிபட்டது நான்தான். ஆன்ட்டி மூக்கைக் கிளாஸிலிருந்து எடுக்காமலே கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். "வேலுமணிதானே? வாங்கோ. நான் குடிக்கறேனான்னு பாக்க வந்தேளா? பக்கத்துலயே நின்னு பாருங்கோ." நின்று பார்த்தேன். ஐந்து கிளாஸ் வந்தது, ஐந்தும் வாளிக்குப் போனது. அன்றைக்குப் பட்ட வெட்கத்தில்தான் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவருக்குத் துணையாகப் போக ஆரம்பித்தேன்.

2022 ஜனவரியில் அவருக்கும் அவர் கணவர் ராமசுப்ரமணியன் அங்கிளுக்கும் கொரோனா வந்தது. அங்கிள் இரண்டு நாள் இருமிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் காய்ச்சல் மூணே நாள்தான். போறப்போ இதையும் எடுத்துண்டு போயிடுத்து" என்று ஆன்ட்டி மூக்கைத் தொட்டுக் காட்டுவார். முதலில் எந்த வாசனையும் இல்லை. சில மாதம் கழித்து வந்த ஒன்றிரண்டும் தப்பாக வந்தன. காஃபி டிகாஷன் சாக்கடையாக நாறியது. நாற்பது வருஷமாகக் கார்த்தாலை காஃபியில் விடிந்த வீட்டில் இவர் மட்டும் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நாலு குப்பி கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் முகர்ந்து, அது என்ன என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளும் என்று அவர் சொல்லவில்லை, கொள்ளலாம் என்றுதான் சொன்னார். "குப்பியை மோந்துண்டு சுவத்தைப் பாத்துண்டு உக்காந்திருக்கணும். ஆறு மாசம் உக்காந்தேன். பைத்தியம் பிடிக்காத குறைதான்." அந்தச் சமயத்தில் மகன் மாதவ் பெற்றோரை ஒரு மாறுதலுக்காக லிவர்மோருக்கு அழைத்துப் போனான். ஒரு ஒயினரியில் லூப்பே பாட்டிலைத் திறந்து, இதில் கறுப்புச் செர்ரி வரும், அப்புறம் தோல் வாசனை வரும், கடைசியில் நனைந்த கல் வரும் என்று வரிசையாகச் சொன்னாள். அங்கிள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி அசந்துபோய் நின்றுவிட்டார். "எதுத்தாப்புல நின்னுண்டு, இதுல இன்ன வாசனை வரணும்னு பொறுமையா எடுத்துச் சொல்றவாளை நான் வேற எங்கயும் பாக்கலை. அதுக்குன்னே சம்பளம் வாங்கறா. இதை விட நல்ல ஸ்கூல் எனக்கு எங்க கிடைக்கும்?"

பைக், மாதவ் தன் அப்பாவின் ஓய்வுக்காலத்துக்கு வாங்கிக் கொடுத்தது. அங்கிள் அதில் தெருவை இரண்டு முறை சுற்றினார். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. கராஜில் தூசி படிந்துகொண்டிருந்ததை ஆன்ட்டி இறக்கினார். கார் ஓட்டுவார், ஆனால் ஃப்ரீவே என்றால் பயம். அங்கிள் கொண்டு விட்டால் பார்க்கிங்கில் உட்கார்ந்துகொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் செய்வார். பைக் யாரையும் அவசரப்படுத்தவில்லை. "மேட்டுல ஏறறச்சே யாரோ முதுகுல கை வெச்சு மெதுவாத் தள்ளற மாதிரி இருக்கு. ஆனா மோட்டாரை லெவல் மூணுக்கு மேல வெக்கமாட்டேன். நாமளும் கொஞ்சம் மிதிக்கணுமோல்லியோ?"

போகும் வழியே பாடத்தில் பாதி. பிளசன்டனை விட்டு வைன்யார்டு அவென்யூவில் திரும்பியதும் யூகலிப்டஸ் மரங்கள் வரும். அங்கே நிற்போம். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து இருபது எண்ணுவார். அப்புறம் ஒரு குதிரை லாயம். அங்கே நான் கைக்குட்டையை எடுப்பேன். ஆன்ட்டி வேலியின் மேல் குனிந்து நன்றாக மூச்சை இழுப்பார். போன செப்டம்பரில் அவருக்கு முதன்முதலில் சரியாகத் திரும்பி வந்த வாசனை குதிரைச் சாணிதானாம். "வேலியைப் பிடிச்சுண்டு அழுதேன். குதிரை என்னையே பாத்துண்டிருந்தது." அதற்கப்புறம் விறகுப் புகை வந்தது. யூகலிப்டஸ் பாதி வந்தது. காஃபி சாக்கடையிலிருந்து நனைந்த அட்டைப்பெட்டி வரைக்கும் முன்னேறியிருக்கிறது.

நோட்டில் லூப்பேயின் பாஷை இருக்காது. அவள் தோல் என்று சொன்னதை ஆன்ட்டி 'புதுச் செருப்பு, ரங்கநாதன் தெரு' என்று எழுதியிருக்கிறார். நனைந்த கல்லுக்கு 'மொட்டை மாடி, முதல் தூத்தல்'. இப்படி எழுதியவை ஒரு பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் கோடு. இப்போதெல்லாம் லூப்பே முன்கூட்டிச் சொல்வதில்லை. ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். ஆன்ட்டி கண்டுபிடித்தால் மேஜையை ஒரு தட்டுத் தட்டுகிறாள்.

இவ்வளவு பாடுபட்டு இந்த மூக்கு எதற்கு என்று நான் கேட்க இரண்டு மாதமாயிற்று. மூன்றாவது ஒயினரியில் வெளியே ஓர் ஆலிவ் மரமும் அதன் கீழ் பெஞ்சும் உண்டு. கிளம்புமுன் ஆன்ட்டி அங்கே உட்கார்ந்து, பைக் பையிலிருந்து சின்ன ஜாம் பாட்டில் ஒன்றை எடுப்பார். அதில் பழுப்பாக ஏதோ எண்ணெய். திறப்பார், இருபது எண்ணுவார், கோடு போடுவார், மூடுவார். ஜனவரியில் ஒரு நாள் அது என்ன என்று கேட்டேன். பாட்டிலை என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். காறிப்போன நல்லெண்ணெய். தொண்டை வரைக்கும் இறங்கி நின்றது அந்த வாடை.

அவர் மாமனார் பிச்சுமணியின் திவசம் மாசி மாதத்தில் வரும். அவர் இறந்த நாளிலிருந்து அதற்குச் சமைப்பவர் ஆன்ட்டி. "திவசச் சமையலை ருசி பாக்கப்படாது. மோந்தும் பாக்கப்படாது. நான் மோந்ததே இல்லை. எதுக்கு மோந்து பாக்கணும்? அடுப்பு முன்னால நின்னா தானா வரும். உப்பு போட்டாச்சா, பருப்பு அடி பிடிக்கறதா, எல்லாம் தானா வந்து சொல்லும்." 2022 மாசியில் காய்ச்சல் விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூக்கு இல்லாமல் சமைக்கிறோம் என்று அவருக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை. கை பழகிய சமையல்தானே என்று நினைத்துவிட்டார்கள். வடைக்கும் அதிரசத்துக்கும் கராஜின் பின்னாலிருந்த பெரிய டின்னைத் திறந்து ஊற்றினார். எண்ணெய் காறிப்போய் எத்தனை நாளாயிற்றோ.

இறந்த முன்னோர்களின் இடத்தில் மூன்று பேர் இலையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊர்களான டப்ளினிலிருந்தும் சான் ரமோனிலிருந்தும் வந்த சாஃப்ட்வேர்காரர்கள். திவசத்தில் உட்காருகிறவர்கள் சாப்பாடு நன்றாயிருக்கிறது என்றும் சொல்லக்கூடாது, நன்றாயில்லை என்றும் சொல்லக்கூடாது. அதுதான் முறை. அவர்கள் சொல்லவில்லை. இன்னும் ஒரு வடை என்று சாஸ்திரிகள் உபசரித்தபோது அதையும் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, மென்று விழுங்கினார்கள். பிறகு அங்கிள் சாப்பிட்டார். உப்பு ஒரு கல் கூடினாலும் சொல்லிக் காட்டும் மனிதர், அன்றைக்கு வாய் திறக்கவில்லை. மாதவுக்கு முறை தெரியாது. சான்டா கிளாராவில் பிறந்தவன். முதல் விள்ளலை வாயில் போட்டதும் சொன்னான்: "அம்மா, சம்திங் இஸ் ராங் வித் தி வடை. இட் ஸ்மெல்ஸ் லைக் பெயின்ட்."

"மாதவ், பேசப்படாது" என்றார் அங்கிள்.

"அந்த ஒரு வார்த்தையில தெரிஞ்சு போச்சு, இவருக்கும் தெரியும்னு. நான் ஒரு வடையை எடுத்துத் தின்னேன். உப்பு தெரிஞ்சுது, காரம் தெரிஞ்சுது. வேற ஒண்ணும் தெரியலை. மறுநாள் சாஸ்திரிகளுக்கு போன் பண்ணிக் கேட்டேன். 'திவசத்து அன்னத்தைப் பத்தி நான் சொல்லப்படாது மாமி'ன்னுட்டார். அவர் மேல தப்பில்லை." ஆன்ட்டி கொஞ்ச நேரம் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "எங்க மாமனார் இருந்த வரைக்கும் குத்தம் சொல்லிண்டேதான் சாப்பிட்டார். ரசத்துல பெருங்காயம் போறலை, மோர்க்குழம்பு நீர்த்துப் போச்சுன்னு தினம் ஏதாவது. அன்னைக்கு வந்து, அதைச் சாப்பிட்டுட்டு, பேசாம போயிட்டாரே. அதைத்தான் என்னால தாங்க முடியலை, வேலுமணி."

எங்கள் பக்கத்தில் இந்த முறையெல்லாம் கிடையாது. ஆனால் ஒருவர் தன் கையால் செய்ததில் பிழை இருந்து, பத்துப் பேர் அறிந்து, அவருக்கு மட்டும் சொல்லப்படாமல் போவது எப்படி வலிக்கும் என்று எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம் எல்லா வருஷமும் கேட்டரிங்தான். சன்னிவேலிலிருந்து ஒரு மாமி மடியாகச் சமைத்து டிரே டிரேயாக அனுப்புகிறார். "அவா நன்னாத்தான் பண்றா. நான் இலை போடறேன், ஜலம் வெக்கறேன். என் ஆத்துலயே நான் விருந்தாளி." டின்னைக் கொட்டியபோது ஒரு பாட்டில் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். இந்த நாற்றத்தை என்றைக்குத் தன் மூக்கு கண்டுபிடிக்கிறதோ அன்றைக்கு மறுபடியும் திவசத்துக்கு அடுப்பு மூட்டுவது என்று முடிவு.

இந்த வருஷம் திவசம் வெள்ளிக்கிழமை வருகிறது. சன்னிவேல் மாமிக்கு ஆறு நாள் முன்னால் சொல்ல வேண்டும். அதாவது போன சனிக்கிழமை சாயங்காலத்துக்குள். அன்றைக்கு ஆன்ட்டி லெவல் மூன்றிலேயே என்னை முந்திக்கொண்டு போனார். வழியில் வீண் பேச்சு இல்லை. இலையுதிர்ந்து கவாத்து செய்த கொடிகளுக்கு நடுவே வரிசை வரிசையாகக் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. மூன்றாவது ஒயினரிக்கு வந்ததும் உள்ளே போகாமல் நேராக ஆலிவ் மரத்தடிக்குப் போனார். பையிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பாட்டில் வெளியே வந்தன. ஒன்றில் பழசு, ஒன்றில் முந்தின நாள் வாங்கிய புது எண்ணெய்.

"கண்ணை மூடிண்டு நானே எடுத்தா அது டெஸ்ட் இல்லை. இருபத்திரண்டு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருந்தவ நான். நீங்க மாத்தி மாத்திக் குடுங்கோ. மூணு தடவை. மூணும் சரியா வரணும். மூணுல ரெண்டுன்னா ரிலீஸ் கிடையாது." எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கையைப் பின்னால் நீட்டினார். "நீங்க வாயையும் திறக்கப்படாது, நான் கேக்கற வரைக்கும்."

முதலில் பழசைத் திறந்து அந்தக் கையில் வைத்தேன். இருபது எண்ணினார். "பழசு." சரி. அடுத்து புதுசு. பதினைந்திலேயே சொன்னார். "புதுசு." அதுவும் சரி. மூன்றாவது தடவை மறுபடியும் பழசையே வைத்தேன். இருபது எண்ணினார். நிறுத்தி, மூச்சு விட்டு, இன்னொரு இருபது எண்ணினார். கடுகுப் பூவில் தேனீக்கள் பறக்கும் சத்தம் கேட்டது.

"புதுசு" என்றார். "சரியா?"

சரி என்று சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை எப்படியும் புது எண்ணெயில்தான் சமைக்கப் போகிறார். பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. இத்தனை சனிக்கிழமை இந்த முதுகுக்குப் பின்னால் பைக் மிதித்திருக்கிறேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது இலை முன்னால் தலையைக் குனிந்து மென்ற அந்த மூன்று பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"தப்புங்க ஆன்ட்டி. அது பழசு."

அவர் திரும்பினார். அழுவார் என்று நினைத்தேன். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் முகத்தில் ஒரு நிதானம் வந்திருந்தது. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். "மூக்கு போனதுலேர்ந்து எங்கிட்ட தப்புன்னு சொன்னவா ரெண்டே பேர். மாதவ் ஒண்ணு, நீங்க ஒண்ணு. ரொம்ப தேங்க்ஸ்." பெஞ்சில் உட்கார்ந்து அங்கிளுக்கு போன் போட்டார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னாச்சு?" என்றார் அங்கிள்.

"மூணுல ரெண்டு."

"அப்போ சன்னிவேலுக்குச் சொல்லிடட்டுமா?"

ஆன்ட்டி கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம். நானே பண்றேன். மாதவை வியாழக்கிழமை ராத்திரியே வரச் சொல்லுங்கோ. கிச்சன் வாசல்ல அவனுக்கு ஒரு நாற்காலி போடறேன். உள்ள வர வேண்டாம், எதையும் மோந்து பாக்க வேண்டாம். சும்மா உக்காந்தா போறும். அவனுக்குத் தானா வரும். சரியில்லைன்னா அவன் வாயைத் திறந்து சொல்லிடுவான். நீங்க அவனை அடக்காம இருக்கணும், அவ்வளவுதான்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுது, ஜலஜா. சொல்லியிருக்கணும்."

"ம்" என்றார் ஆன்ட்டி. சட்டைக் கையின் நுனியால் போன் திரையைத் துடைத்தார். "சாதம் குக்கர்லயே இருக்கு. சாப்பிட்டேளா?"

"இன்னும் இல்லை. நீ வா."

போனைப் பையில் போட்டார். ஹெல்மெட்டை எடுக்கப் போகிறார் என்று நினைத்து நான் பாட்டில்களை மூட ஆரம்பித்தேன். ஆன்ட்டி எழுந்து, எனக்கு முதுகைக் காட்டித் தோட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டு, கையை மறுபடியும் பின்னால் நீட்டி விரித்தார்.